பச்சையைத் தடுத்துச் சிவப்பை விடும் கரிம வடிகட்டி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். செய்முறை வகுப்பில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். கரிமக் குறைக்கடத்தி, அதாவது கார்பன் சேர்மங்களால் ஆன குறைக்கடத்தி என்றாலே மாணவர்கள் சூரிய மின்கலத்துக்கும் ஓஎல்இடி திரைக்கும் தாவுகிறார்கள். சிறிய ஆய்வகத்துக்கு ஒளி வடிகட்டியே போதும் என்பது என் கட்சி. மின்முனை வேண்டாம், வெற்றிடக் கலம் வேண்டாம். படலம் ஒளியை உறிஞ்சினால் சரி.

முதலில் ஆற்றல் இடைவெளியை, அதாவது பொருளின் எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலைப் பாருங்கள். 1240ஐ அந்த எலக்ட்ரான் வோல்ட் மதிப்பால் வகுத்தால் உறிஞ்சல் நிற்கும் விளிம்பு அலைநீளம் நானோமீட்டரில் வந்துவிடும். பி3எச்டி (பாலி-3-ஹெக்சைல்தயோஃபீன்) என்ற கரிமக் குறைக்கடத்திப் பாலிமருக்கு இடைவெளி ஏறக்குறைய 1.9 எலக்ட்ரான் வோல்ட், விளிம்பு 650 நானோமீட்டர் பக்கம். 500 முதல் 600 வரை பலமாக உறிஞ்சும், 650க்கு மேல் விட்டுவிடும். 400 அருகே கொஞ்சம் நீலமும் கசியும். படலம் ஊதாவாகத் தெரிவது அதனால்தான். நீல வடிகட்டி வேண்டுவோர் தாமிரத் தாலோசயனின் என்ற நீல நிறமியைத் தேடுவார்கள். எல்சிடி திரைகளில் அந்தக் குடும்பத்து நிறமிகள்தான் இருக்கின்றன. ஆனால் அது எளிதில் கரையாது. தொடக்கத்தில் அந்த வம்பு எதற்கு?

நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டைச் சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன் என்ற வரிசையில் கழுவி உலர்த்துங்கள். 1 மி.லி. குளோரோபென்சீனில் 20 மி.கி. பாலிமரைப் போட்டு, 60 டிகிரி சூட்டில் கட்டியில்லாமல் கரையும் வரை கலக்குங்கள். புகையை வெளியேற்றும் பெட்டிக்குள்தான் இந்த வேலை. குளோரோபென்சீன் ஆவி நல்லதல்ல. பிறகு துண்டின் மேல் சொட்டி, சுழல்பூச்சுக் கருவியில் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். ஆரஞ்சுக் கரைசல், கரைப்பான் பறக்கப் பறக்கக் கண்ணெதிரே ஊதாவாக மாறும். பாலிமர்ச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதன் அடையாளம் அது.

சிலர் சீக்கிரம் உலரும் என்று குளோரோஃபார்ம் எடுப்பார்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் அதைத் தொடவே வேண்டாம். அது வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, படலம் மங்கலாகப் பூத்துப்போகும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று வறண்டதுதான், ஆனால் புழுதியையும் கூட்டிக்கொண்டு வரும். ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

இனிதான் கணக்கு. உச்சத்தில் உறிஞ்சல் கெழு (பொருள் ஒளியை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) செ.மீ.க்கு ஒரு லட்சம் அளவில் என்று வைத்தால், 100 நானோமீட்டர் படலம் ஒளியில் 37 சதவீதத்தை விட்டுவிடும். 200 என்றால் 14. தடிமன் கூட்டலாமே என்று அதே துண்டில் மறுபடி ஊற்றாதீர்கள். புதுக் கரைசல் பழைய படலத்தைக் கரைத்துவிடும். இரண்டு துண்டுகளில் தனித்தனியாகப் பூசி, படலங்கள் உள்பக்கம் வரும்படி சேர்த்து, ஓரங்களை எப்பாக்சியால் அடையுங்கள். வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் பி3எச்டி வெளுத்துவிடும் என்பதால் இந்த அடைப்பு எப்படியும் தேவை.

நிறமாலைமானி இருந்தால், வெறும் கண்ணாடி இரண்டை வைத்து ஒப்பிடுவதற்கான அடிக்கோடு எடுத்துவிட்டு, பிறகு வடிகட்டியை அளவிடுங்கள். இல்லையென்றால் 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் 650 சிவப்பு லேசரையும் வடிகட்டி வழியாகச் சுவரில் காட்டுங்கள். பச்சைப் புள்ளி மங்கும், சிவப்பு பெரும்பாலும் கடந்துவிடும்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தை நினைவில் வைத்து, இதன் வழியாகச் சூரியனைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அகச்சிவப்பு இதில் தடையின்றிப் போகும், விழித்திரை பொசுங்கும். லேசர்ப் பாதுகாப்புக் கண்ணாடியாகவும் இதை அணியாதீர்கள்.