ஓப்பிஎன்சென்ஸில் கேஷிங் ப்ராக்ஸி: ஹிட் விழும்வரை நம்பாதீர்கள்

நான் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆய்வகத்தில் உபுண்டு 22.04 போட்ட 32 கணினிகள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஆன் செய்தால், 32-ம் ஒரே அப்டேட்டைத் தனித்தனியாக இழுக்கும். இருப்பது 50 எம்பிபிஎஸ் லைன். முதல் பீரியட் பிள்ளைகளுக்குப் பாடப் பக்கமே திறக்காது. அந்த முக்கால் மணி நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது என்பதால்தான் எங்கள் ஃபயர்வாலான ஓப்பிஎன்சென்ஸிலேயே ஸ்க்விட் என்ற கேஷிங் ப்ராக்ஸியை வைத்தேன். ஒரு கணினி இறக்கிய கோப்பை அது சேமித்துவைத்து, அடுத்த கணினி கேட்கும்போது தானே கொடுக்கும்.

எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது பூட்டிய இணைப்பில், போவதை ஸ்க்விட் அப்படியே கடத்திவிடும், சேமிக்காது. அதனால் யூடியூப் வேகமாகும் என்று எண்ண வேண்டாம். இடையில் சான்றிதழ் வைத்துப் பிரித்துப் பார்க்கவும் வழி உண்டு. பிள்ளைகளின் பாஸ்வேர்டு போகும் பாதையில் நான் அதைச் செய்யமாட்டேன். உபுண்டு பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) பூட்டில்லாத சாதாரண எச்டிடிபியில் வருகின்றன. அவற்றின் கையொப்பத்தை, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் நிரல் தானே சரிபார்ப்பதால் நடுவில் கேஷ் இருப்பதில் பயமில்லை. நமக்கு மிச்சமாவது அங்கேதான்.

ஓப்பிஎன்சென்ஸ் 24.1 முதல் ஸ்க்விட் தனி ப்ளகின்; முதலில் அதை நிறுவுங்கள். ப்ராக்ஸி இன்டர்ஃபேஸில் லேன் (உள் நெட்வொர்க்) மட்டும் இருக்கட்டும். இணையத்தை நோக்கிய வேன் பக்கத்தைச் சேர்த்தால், ஃபயர்வால் விதிகளும் தளர்ந்திருக்கும்போது ஊரில் உள்ளவர்களெல்லாம் உங்கள் லைன் வழியாகப் போக வழி திறந்துவிடலாம். போர்ட் 3128 அப்படியே இருக்கலாம்.

பிறகு லோக்கல் கேஷ் செட்டிங்ஸ். இங்கே அட்வான்ஸ்டு மோடைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். கேஷை இயக்கினால் கிடைப்பது 100 எம்பி இடம். ஒரு கோப்புக்கு உச்சவரம்பு 4 எம்பி. பெரிய பேக்கேஜ் எதுவும் அதற்குள் அடங்காது. நான் இதைக் கவனிக்காமல் மூன்று வாரம் ஓட்டினேன். சர்வீஸ் பச்சையாகத்தான் இருந்தது, திங்கட்கிழமை நெரிசல் மட்டும் குறையவில்லை. இப்போது கேஷ் 20 ஜிபி, உச்சவரம்பு 512 எம்பி. டிஸ்க்கில் ஒரு ஜிபி கேஷுக்கு ரேமில் ஏறக்குறைய 14 எம்பி போகும். 20 ஜிபிக்கு 280 எம்பி. லினக்ஸ் பேக்கேஜ் கேஷ் என்ற பெட்டியையும் டிக் செய்யுங்கள். அப்ளை கொடுத்தால் மட்டும் போதாது, சர்வீஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் கேஷ் அடைவு உருவாகும்.

ஒவ்வொரு கணினியிலும் ஆப்ட் கான்ஃபிக்கில் ப்ராக்ஸி முகவரியை ஒரு வரியாகச் சேர்த்தேன்.

இனி சோதனை. பிரவுசரில் பார்க்காதீர்கள், அதற்கென்று சொந்தக் கேஷ் இருக்கிறது, அது நம்மை ஏமாற்றும். முதல் கணினியில் ஆப்ட் டவுன்லோட் கட்டளையால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜை இறக்குங்கள். 200 எம்பிக்கு மேல் வரும், ஆனால் எதையும் நிறுவாது. ஸ்க்விட்டுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் ஆக்சஸ் லாகில் டிசிபி மிஸ் என்று விழும், அதாவது கோப்பு கேஷில் இல்லை, வெளியிலிருந்து வந்தது. அடுத்து, அதே பேக்கேஜை இரண்டாவது கணினியில் கேளுங்கள். முதல் கணினியிலேயே மறுபடி கேட்டால், கோப்பு கையில் இருக்கிறதென்று ஆப்ட் வெளியே போகாமலே இருந்துவிடலாம். எங்கள் ஆய்வகத்தில் முதல் கணினிக்கு முக்கால் நிமிடம் பிடித்தது, இரண்டாவதற்கு மூன்று நொடி. லாகில் டிசிபி ஹிட், அதாவது கோப்பு கேஷிலிருந்தே வந்தது.

மறுபடியும் மிஸ் விழுந்தால் முதலில் உச்சவரம்பைப் பாருங்கள். அடுத்து மிரர், அதாவது பேக்கேஜ்களின் பிரதி இருக்கும் சர்வரின் முகவரி. ஸ்க்விட் முழு முகவரியை வைத்துத்தான் கோப்பை அடையாளம் காணும். ஒரு கணினி இந்திய மிரரிலும் இன்னொன்று முதன்மை மிரரிலும் கேட்டால் அதற்கு அவை இரண்டு வேறு கோப்புகள். எங்கள் ஆய்வகத்தில் ஐந்து கணினிகள் அப்படி இருந்தன. லாகில் ஒரு வரி கூட விழவில்லை என்றால் அந்தக் கணினி ப்ராக்ஸி பக்கமே வரவில்லை. இப்படித் தப்புவதைப் பிடிக்க, லேனிலிருந்து நேராக வெளியே போகும் போர்ட் 80-ஐ (எச்டிடிபி செல்லும் வழி) ஃபயர்வால் விதியில் அடைத்துவிட்டேன். ப்ராக்ஸி வரி விடுபட்ட கணினியில் அப்டேட் உடனே பிழை காட்டும், அங்கேயே திருத்திவிடலாம்.