தங்கமா, பழைய காசா? மெட்டல் டிடெக்டர் கற்றுக்கொள்வது எப்படி

மெல்பர்னிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் மோலியாகுல் என்ற சின்ன ஊர் வரும். 1869 பிப்ரவரி 5ஆம் தேதி ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் அங்கே ஒரு மரத்தடியில் பெரிய தங்கக் கட்டி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது மண்ணுக்கு 3 சென்டிமீட்டர் கீழேதான் கிடந்தது. பக்கத்து ஊரான டனோலியில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாமல், பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். உருக்கியபின் சுமார் 72 கிலோ தங்கம் தேறியது. 111 வருடம் கழித்து, 1980 செப்டம்பரில், அதே வட்டாரத்தில் கிங்கோவர் என்ற ஊருக்கருகே கெவின் ஹில்லியர் என்பவர் 27 கிலோ கட்டியைக் கண்டுபிடித்தார். இந்த முறை மண்ணுக்குள் பார்த்தது மெட்டல் டிடெக்டர்.

நான் பெண்டிகோவில் குடியிருக்கிறேன். பெண்டிகோ, பல்லாரட், மேரிபரோ, வெட்டர்பர்ன் எல்லாம் அடங்கிய இந்தப் பகுதியைத் தங்க முக்கோணம் என்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "தங்கமா, காசா?" என்று. மெஷின், இடம், தோண்டும் விதம் மூன்றும் இந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

முதல் படி: எதைத் தேடப் போகிறீர்கள்?

டிடெக்டரின் அடியில் வட்டமாக இருப்பது காயில், அதாவது கம்பிச்சுருள். அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல்கள் எழும். அந்தச் சுழல்கள் உண்டாக்கும் புலத்தைக் காயில் திரும்பப் பிடித்து ஒலியாக மாற்றுகிறது. வெள்ளிக் காசில் இந்தச் சுழல் பலமாக எழுந்து சற்று நேரம் நிற்கும். அரை கிராம் தங்கத் துணுக்கில் எழுந்த கணத்திலேயே அடங்கிவிடும். போதாததற்கு, தங்கம் கிடைக்கும் இடங்களில் மண்ணே இரும்புச்சத்து நிறைந்த செம்மண். மண்ணும் கத்தும், இரும்புக்கல்லும் கத்தும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன முனகலைக் கேட்க வேண்டும்.

இதனால் தங்கத்துக்கான மெஷின் சின்னத் துணுக்கையும் பிடிக்கும், கெட்ட மண்ணையும் சமாளிக்கும். ஆனால் கீழே இருப்பது ஆணியா தங்கமா என்று அநேகமாகச் சொல்லாது. காசு மெஷின் திரையில் ஒரு எண்ணைக் காட்டி, இது இரும்பு, இது வெள்ளி என்று ஓரளவு பிரித்துச் சொல்லும்.

"தங்கத்தை மட்டும் காட்டும்படி வைக்க முடியாதா?" என்று எல்லாருமே கேட்கிறார்கள். முடியாது. ஒரு தங்க மோதிரமும், குளிர்பான டின்னை இழுத்துத் திறக்கும் வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். தங்கக் கட்டியின் எண் அதன் அளவையும் வடிவத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். குப்பை எண்களை மெஷினில் அடைத்துவிட்டால் அவற்றோடு தங்கமும் அடைபட்டுப் போகும். ஆகவே தங்கம் தேடுகிறவர் சத்தம் கேட்கும் இடமெல்லாம் தோண்டத்தான் வேண்டும். காசு தேடுகிறவர் தேர்ந்தெடுத்துத் தோண்டலாம்.

இரண்டாம் படி: மெஷின்

கடையில் இரண்டு வகைப் பெயர்கள் காதில் விழும். வி.எல்.எஃப். வகை, தாழ்ந்த அதிர்வெண்ணில் இடைவிடாமல் அலை அனுப்பும். எடை குறைவு, விலையும் குறைவு, உலோகத்தைப் பிரித்தும் சொல்லும். பி.ஐ. வகை, துடிப்புத் துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு காத்திருந்து கேட்கும். அந்த இடைவெளியில் மண்ணின் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடுவதால் செம்மண்ணில் ஆழம் வரை போகும். பிரித்துச் சொல்வதில் மட்டும் பலவீனம்.

காசுக்கு: மைன்லேப் வேன்குவிஷ், காரெட் ஏஸ், நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்ற தொடக்க மெஷின்கள் சில நூறு டாலருக்குள் கிடைக்கும். பூங்கா, பள்ளி மைதானம், உலர்ந்த கடற்கரை மணலுக்கு இவை தாராளமாகப் போதும். அலை நனைக்கும் உப்பு மணலில் ஒற்றை அதிர்வெண் மெஷின்கள் தடுமாறும். அங்கே பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மெஷின் வேண்டும். வேன்குவிஷ் அந்த வகைதான்.

தங்கத்துக்கு: வி.எல்.எஃப். வகையிலேயே அதிர்வெண் கூடியவை சின்னத் தங்கத்தை நன்றாகப் பிடிக்கும். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 என்பது 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே பல ஆயிரம் டாலர் விலையுள்ள பி.ஐ. மெஷின்கள் இருக்கின்றன. ஜி.பி.எக்ஸ். 6000 அதில் ஒன்று.

முதல் மெஷினாகப் பல ஆயிரம் டாலரைக் கொட்டாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கவயல் ஊர்களில் மெஷினை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. ஒரு சனி ஞாயிறு எடுத்துப் பாருங்கள். வெயிலில் ஆறு மணி நேரம் காயிலை வீசி, நாற்பது ஆணி தோண்டியபின்னும் மறுநாள் போக ஆசை வருகிறதா என்று தெரிந்துவிடும்.

மெஷினோடு வேறு சில சாமான்களும் தேவை. ஹெட்போன், முனையில் காந்தம் பதித்த சிறு பிக்காசு, பிளாஸ்டிக் அள்ளுகரண்டி, குழிக்குள் துழாவிக் காட்டும் கைக்குச்சி டிடெக்டர், குப்பைக்கு ஒரு பை. இரும்பு முனை வைத்த பூட்ஸ் போடக்கூடாது. காயில் உங்கள் காலையே தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: அனுமதி

எங்கள் மாநிலமான விக்டோரியாவில் பொழுதுபோக்காகத் தங்கம் தேட மைனர்ஸ் ரைட் என்ற உரிமச் சீட்டு வேண்டும். விலை சில பத்து டாலர்தான், 10 வருடம் செல்லும், கிடைக்கும் தங்கம் உங்களுடையது. இந்தச் சீட்டுக்குப் பின்னால் ரத்தம் சிந்திய கதை உண்டு. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தை எதிர்த்து, 1854 டிசம்பர் 3ஆம் தேதி பல்லாரட்டின் யுரேக்காவில் சுரங்கத் தொழிலாளர்கள் அரசுப் படையோடு மோதினார்கள். பலர் செத்தார்கள். மறு வருடம் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று கொண்டுவந்ததுதான் மைனர்ஸ் ரைட். அதை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கைக்கருவிகளால் மட்டுமே தோண்டலாம். தோண்டிய குழியை மூட வேண்டும். செடிகொடிகளைச் சேதப்படுத்தக் கூடாது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை. பழங்குடி மக்களின் பாரம்பரிய இடங்களையும் பழைய கட்டடச் சின்னங்களையும் தொடவே கூடாது. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஜியோவிக் என்ற அரசு இணைய வரைபடத்தில் எந்த நிலம் எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவில் காசு தேடுவதற்கு அந்தந்த ஊர் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று. அங்கே சட்டம் வேறு. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தோண்டுவது குற்றம். இலங்கையிலும் புதையல் தோண்டியதற்காகக் கைதாகும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்புறம், பல மீட்டர் ஆழத்துப் புதையலை நின்ற இடத்திலிருந்தே காட்டும் என்று விற்கும் கருவிகளை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். காயிலின் புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாகத் தேய்ந்துவிடும். நல்ல மெஷினே ஒரு காசை ஓரடி ஆழத்துக்குள்தான் பிடிக்கிறது. இப்படி ஏமாந்து நகையை அடகு வைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நான்காம் படி: வீட்டில் பயிற்சி

ஒரு சீட்டு அட்டையில் சின்ன ஈயத் துணுக்குகளை ஒட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தின் ஒலி தங்கத்தின் ஒலிக்கு நெருக்கமானது. தோட்டத்தில் ஒரு ஆணி, ஒரு காசு, ஒரு டின் வளையம், இந்த அட்டை நான்கையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், காதைப் பழக்குங்கள். ஆணியின் ஒலி பெரும்பாலும் உடைந்து கரகரக்கும். காசின் ஒலி எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி வரும்.

ஐந்தாம் படி: களத்தில்

இங்கே குளிர்காலமும் வசந்தத் தொடக்கமும்தான் நல்ல காலம். மண் நெகிழ்ந்திருக்கும், பாம்பு குறைவு. கோடையில் பழுப்புப் பாம்பு நடமாட்டம் அதிகம், காட்டுத்தீ அபாயமும் உண்டு. எல்லாக் காலத்திலும் கவனிக்க வேண்டியவை 19ஆம் நூற்றாண்டில் தோண்டி மூடாமல் விட்ட சுரங்கக் குழிகள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு பின்னோக்கி ஓரடிகூட எடுத்து வைக்காதீர்கள். தனியாகப் போவதானால் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே வீசுவது? பழைய ஆட்கள் தோண்டிக் குவித்த மண்மேடுகளைச் சுற்றியும், அவர்கள் நிறுத்திய எல்லையிலும் தொடங்குங்கள். வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) துருப்பிடித்த இரும்புக்கல்லும் சேர்ந்து கிடக்கிற, அடிப்பாறை மேலாக இருக்கிற சரிவுகள் நல்லவை. அவர்களுக்குக் கண்தான் கருவி. கண்ணுக்குத் தப்பியது இன்னும் அங்கே கிடக்கிறது.

முதலில் மெஷினை மண்ணோடு சமன்செய்ய வேண்டும். உலோகம் இல்லாத ஓரிடத்தில் காயிலை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குங்கள். ஒலி ஏறாமல் இறங்காமல் நின்றால் சரி. மண்ணின் நிறம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள். மெஷின் ஓயாமல் கத்தினால் உணர்திறனைக் குறையுங்கள். அமைதியாக ஓடும் மெஷினில்தான் சின்ன ஒலி கேட்கும். மின்கம்பிக்கு அடியில் வேலை செய்யாதீர்கள், கைபேசியை அணைத்து வையுங்கள்.

காயில் மண்ணை ஒட்டினாற்போல, தரைக்கு இணையாகப் போக வேண்டும். புதியவர்கள் எல்லாரும் வீச்சின் இரண்டு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுகிறார்கள். நானும் முதல் சில மாதம் அப்படித்தான் வீசினேன். அந்த மாதங்களில் ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும்.

ஒலி கேட்டதும் பூட்ஸால் மேல்மண்ணை ஒரு தடவை சுரண்டி மறுபடி வீசுங்கள். ஒலி இடம் மாறினால் மேலே கிடந்த குப்பை. அதே இடத்தில் இன்னும் பலமாகக் கேட்டால் தோண்டுங்கள். பிக்காசின் காந்தத்தை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஆணியும் செருப்பாணியும் ஒட்டிக்கொள்ளும். தங்கம் ஒட்டாது. பிறகு மண்ணை அள்ளுகரண்டியில் எடுத்துக் காயிலின் மேல் ஆட்டுங்கள். ஒலித்தால் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் மண்தான் மிஞ்சும். அதில் ஊதிப் பாருங்கள். எடை கூடியது அசையாமல் இருக்கும். பெரும்பாலும் ஈயக்குண்டு. என்னுடைய முதல் தங்கம் 0.3 கிராம், அரிசிக் குருணை அளவுதான். மழை பெய்துகொண்டிருந்தது, நான் மண்டியிட்டே இருந்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை.

காசு தேடும்போது

புல்வெளியில் மண்ணைக் கொத்தக் கூடாது. மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் போல விட்டுப் புல்லோடு மடக்குங்கள். மண்ணை ஒரு துணியில் போடுங்கள், கைக்குச்சியால் இடத்தைக் குறியுங்கள். எடுத்தபின் மண்ணைப் போட்டு, புல்லை மடக்கி, மிதித்துவிட்டால் வேர் காயாது.

ஆஸ்திரேலியாவில் 1966 பிப்ரவரி 14ஆம் தேதி டாலர் வந்தது. அதற்கு முந்தைய ஷில்லிங், ஃப்ளோரின், ஆறு பென்ஸ் காசுகள் 1945 வரை 92.5 சதவீத வெள்ளி, 1946 முதல் பாதி வெள்ளி. 1966இன் வட்டமான 50 சென்ட் காசில் 80 சதவீதம் வெள்ளி உண்டு. இவை மெஷினில் உயர்ந்த எண்ணாகத் தெளிவாக ஒலிக்கும். தண்ணீரில் மட்டும் அலசுங்கள். தேய்த்தால் கீறல் விழும், சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போய்விடும்.

ஒன்று கிடைத்த பிறகு

தங்கமோ காசோ, கிடைத்த குழியை மூடுவதற்கு முன் அதற்குள் காயிலை விட்டு இன்னொரு முறை கேளுங்கள். மூடியபின் இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து சுருள் சுருளாக வெளியே நடந்து, முன்னைவிட இன்னும் மெதுவாக, பத்துப் பதினைந்து அடி வரைக்கும் வீசிப் பாருங்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய், இந்த முறை குறுக்குவாட்டில் வீசுங்கள்.