வாடகைப் பாக்கி கட்டித் தருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன்கள் நாலு பேர் ஒரு தையல்காரர் குடும்பத்தின் மூன்று மாத வாடகைப் பாக்கியைத் திரட்டிக் கட்டியிருக்கிறார்கள். சந்தோஷமாக வந்து சொன்னார்கள். "ரசீது வாங்கினீர்களா?" என்று கேட்டேன். "ஓனர் ரொம்ப நல்லவர்ண்ணா" என்றார்கள். முதல் வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சென்னையில் நாங்கள் இருபது முப்பது பேர், மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு இந்த வேலையைச் செய்கிறோம். கணக்கு எழுதி வையுங்கள், கஷ்டம் உண்மைதானா என்று விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அட்வான்ஸ் கணக்கைக் கேட்காமல் பாக்கியைக் கட்டுவது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இந்த ஊரில் பத்து மாத வாடகை வரைக்கும் அட்வான்ஸ் வாங்குவது பழகிப்போன விஷயம். அதனால் வாடகை நின்றவுடன் பல ஓனர்கள் சத்தம் போடுவதில்லை. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று நோட்டில் எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். குடியிருப்பவருக்கு அது பாக்கி, ஓனருக்கோ தீர்ந்த கணக்கு. இது தெரியாமல் நடுவில் நாம் போய்ப் பணத்தை நீட்டுகிறோம்.

எங்களுக்கு நடந்தது இது. ஆட்டோ ஓட்டும் ஒருவர் கால் முறிந்து நாலு மாதம் படுத்துவிட்டார். வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. பாக்கி 26,000 ரூபாயையும் திரட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓனர் அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அந்த நேரத்தில் ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். சரி, நியாயம்தான். ஆனால் அட்வான்ஸாகத் திரும்பி வந்தது 17,500 ரூபாய். மகன் நோட்டை விரித்துக் காட்டினார். நாலு மாதத்துக்கு நேராகவும் 'அட்வான்ஸில் கழிவு' என்று எழுதியிருந்தது. பெயின்ட் செலவு என்று இன்னொரு மாத வாடகையும் போயிருந்தது. "அம்மாகிட்ட கொடுத்தீங்களா? எனக்குத் தெரியாதே சார்." அம்மாவோ உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அடுத்த வீட்டுக்கு 60,000 அட்வான்ஸ் கேட்டார்கள். அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாதி வருடத்தில் பள்ளி மாற்றம். 26,000 ரூபாய் செலவழித்து ஒரு குடும்பத்தை நாங்களே காலி செய்ய வைத்த மாதிரி ஆயிற்று.

இப்போது பணம் திரட்டுவதற்கு முன்பே ஓனரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுகிறேன். அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீர்கள்? அதில் இதுவரை எவ்வளவு கழித்திருக்கிறீர்கள்? பாக்கியைக் கட்டினால் இன்னும் எத்தனை மாதம் இருக்க விடுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் பாக்கியைக் கட்டுவதில்லை. அந்தப் பணத்தைப் புது வீட்டு அட்வான்ஸுக்கும் வண்டிக் கூலிக்கும் வைத்துக்கொள்கிறோம். கட்டுவதாக இருந்தால் வங்கிக் கணக்கு வழியாகத்தான். அதோடு ஒரு தாளில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வாடகை வரவு, அட்வான்ஸ் 50,000 குறையாமல் இருக்கிறது என்று எழுதி ஓனரின் கையெழுத்து. கணக்குப் பார்ப்பது மகன் என்றால் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீது கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது குடியிருப்பவரின் உரிமை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தெருவில் யார் பின்பற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

வாடகையை மட்டும் பார்ப்பது

பாக்கி என்று சொல்லும் தொகைக்குள் கரன்ட் பில், தண்ணி லாரிக் காசு எல்லாம் ஒளிந்திருக்கும். தனித்தனியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். சில வீடுகளில் வாடகைப் பாக்கியே இருக்காது, ஆனால் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கி வாரா வாரம் கட்டும் குழுக் கடன் கழுத்தை நெரிக்கும். குழுவில் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்களே என்ற பயத்தில் கடனை முதலில் கட்டிவிடுவார்கள், அடுத்த மாதம் வாடகை நிற்கும். "வேறு எங்கே கட்ட வேண்டியிருக்கும்மா?" என்று கேளுங்கள். முதல் தடவை இல்லை என்பார்கள். இரண்டாம் தடவை, கணவர் இல்லாதபோது கேளுங்கள்.

பணம் கொடுக்கும்போது போட்டோ எடுப்பது

வேண்டாம்.

வாய்மிரட்டலுக்குப் பயந்து அவசரப்படுவது

நாளைக்கே காலி பண்ணு, இல்லாவிட்டால் தண்ணியை நிறுத்துவேன் என்று சொன்னவுடன் ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் திரட்ட ஓடாதீர்கள். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி ஆளை விரட்டச் சட்டத்தில் இடமில்லை. குடியிருப்பவர் போக மறுத்தால் ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இதைச் சண்டையாகச் சொல்லாமல், நிதானமாக ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் பத்து நாள் அவகாசம் கிடைக்கும்.

மாதம் பார்க்காமல் பேரம் பேசுவது

ஆனியில் காலி செய்யச் சொல்லும் ஓனருக்கு ஒரு கவலை உண்டு. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பூட்டித்தான் கிடக்கும். மார்கழிக்கும் இதே கதைதான். அந்தச் சமயம் போய், பாதிப் பாக்கி இப்போது, மீதி இரண்டு தவணை என்று பேசிப் பாருங்கள். தை பிறந்தபிறகு போனால் அதே ஓனர் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்.