நியாஸ் தீவு கேடயம்: பாக்கும்போதும் வாங்கும்போதும் பண்ணக்கூடாத தப்புகள்

சுமத்ராவுக்கு மேற்குல நியாஸ்னு ஒரு தீவு இருக்கு, அந்த ஊர்க்காரங்களோட மரக்கேடயத்துக்கு பலுசேன்னு பேரு. நெட்ல பாத்தா இதை போர்னியோ தீவுல இருக்கிற தயாக் ஜனங்களோட கேடயம்னு போட்டிருப்பாங்க, இல்லன்னா தெற்கே இருக்கிற மெந்தாவாய் தீவுகளோடதுன்னு சொல்லுவாங்க. முதல் தப்பு இதுதான், ஒரு ஜனத்தோட பொருளை இன்னொருத்தர் கணக்குல எழுதறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். பிரிச்சுப் பாக்கறது கஷ்டமே இல்லங்க. தயாக் கேடயம் நீட்டின அறுகோணம், ரெண்டு முனையும் கூரா இருக்கும், நிறையதுல பல்லைக் காட்டற முகம் வரைஞ்சிருக்கும், சிலதுல தலைமுடியும் ஒட்டியிருக்கும். மெந்தாவாய்ல சிவப்பு கறுப்புல சுருள் சுருளா வரைவாங்க. பலுசேல இதெல்லாம் கிடையாது, வாழையிலை மாதிரி நீளமா வந்து கீழ குறுகிப் போகும், நடுவுல ஒரு குமிழ், குறுக்கே வரிசையா பிரம்புக் கட்டு, அவ்வளவுதான்.

அந்தப் பிரம்பை அலங்காரம்னு நினைக்கிறது அடுத்த தப்பு. கேடயத்தை லேசான ஒரே மரத்துண்டுல செதுக்கறாங்க, லேசான மரம் கையில தூக்கிட்டு ஓட வசதி, ஆனா ஈட்டியோ வாளோ பட்டா நார் போற திசையில நீளவாக்குல பிளந்துடும், அதைத் தடுக்கத்தான் குறுக்கே பிரம்பை இழுத்துக் கட்டறாங்க. பிஞ்சு தொங்குதேன்னு அதை அறுத்துட்டு கம்பியோ ஆணியோ அடிச்சா அந்தக் கேடயத்தோட அறிவையே பிடுங்கிப் போட்ட மாதிரி ஆயிடும்.

முன்பக்கம் மட்டும் பாத்துட்டு வாங்கிடறாங்க, தயவுசெஞ்சு திருப்பிப் பாருங்க! குமிழுக்குப் பின்னாடி கை நுழையற அளவு குடைஞ்சிருக்கும், கைப்பிடியும் அதே மரத்துலயே செதுக்கினதா இருக்கணும். தனியா ஒட்டினதோ ஆணி அடிச்சதோ தெரிஞ்சா பின்னாடி ரிப்பேர் பண்ணினதா இருக்கலாம், இல்ல விற்பனைக்காகவே செஞ்சதா இருக்கலாம், நல்லா விசாரிச்சுட்டு காசு கொடுங்க. பிடிச்சுப் பிடிச்சு வழவழன்னு ஆன கைப்பிடி எவ்வளவோ சொல்லும்.

அப்புறம் இந்த சோப்பு, வார்னிஷ், தேங்காய் எண்ணெய். வேண்டவே வேண்டாம். பழசு மேல இருக்கிற கறுப்பு வெறும் அழுக்கு இல்ல, புகையும் கைபட்ட மினுமினுப்பும் சேர்ந்தது, ஒருதடவை தேச்சுட்டா திரும்ப வராது. காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டினா போதும். பூச்சி அரிச்ச மாவு உதிருதுன்னா மத்த மரச்சாமான்கிட்ட வைக்காம பிரிச்சு வச்சுட்டு தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

புதுசா செஞ்ச கேடயத்தை எல்லாம் போலின்னு ஒதுக்கறவங்களும் இருக்காங்க. தெற்கு நியாஸ்ல பாவோமாதாலுவோ மாதிரி ஊர்கள்ல போர் நடனம் இன்னைக்கும் ஆடறாங்க, அதுக்குப் புதுக் கேடயம் வேணும்ல? ஆடறதுக்காக செஞ்சது உண்மையான பலுசேதான், அதையே நூறு வருஷப் பழசுன்னு சொல்லி விக்கறதுதான் மோசடி.

சுவத்துல மாட்டினா பிரம்புல கயிறு கட்டித் தொங்கவிடாதீங்க, அடியில ஒரு தாங்கி வச்சு வெயில் படாத பக்கமா நிறுத்துங்க.