மூடியில் எழுதியிருந்ததை நம்பினேன்

எங்கள் தெருவில் புதிதாக மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் பெண், தன் டப்பாக்களைக் காட்டக் கூப்பிட்டாள். வரிசையாக நாற்பது. “எல்லாம் மைக்ரோவேவில் வைக்கிற வகை, அக்கா” என்று பெருமையோடு ஒன்றைத் தட்டிக் காட்டினாள். எட்டு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் தட்டிக் காட்டினேன். பிளாஸ்டிக் உறையில் கொதிக்கும் ரசத்தைக் கட்டக் கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். சாப்பாட்டில் பிளாஸ்டிக் கலக்காமல் இருக்க நினைப்பவர்களும் கவனிக்காமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மூடியைப் படித்து டப்பா வாங்குவது

நான் வாங்கியது அறுபது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண், அதாவது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். மூடியில் ‘பிபிஏ இல்லை’, ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’. இரண்டும் பொய்யல்ல, எரிச்சலே அதுதான். பிபிஏ என்பது பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படும் வேதிப்பொருள். பாலிபுரொப்பிலீனில் அதற்கு வேலையே இல்லை. சைவ ஓட்டல் வாசலில் ‘இங்கே மீன் கிடையாது’ என்று பலகை மாட்டுவது போலத்தான் இது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்றால் டப்பா அந்தச் சூட்டைத் தாங்கும், நெளியாது. குழம்பில் பிளாஸ்டிக் நுண்துகள் உதிராது என்று யாரும் எழுதித் தரவில்லை; நானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இதே பாலிபுரொப்பிலீனில் செய்த குழந்தைகளின் பால்புட்டிகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 1.6 கோடித் துகள்கள் வரை உதிர்ந்தன. தண்ணீரின் சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. பால் கலக்குவது 70 டிகிரி வெந்நீரில். நான் ஊற்றியதோ அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார்.

மூன்றே மாதத்தில் உட்புறம் மஞ்சளேறியது. மஞ்சளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். அதைப் போக்கப் பச்சை நாரால் தேய்த்தோம். ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன்: கீறலின் மேல் கீறல், விரல் வைத்தால் சொரசொரப்பு. தேய்ந்துபோன வழவழப்பில் எவ்வளவு சாக்கடைக்குப் போனதோ, எவ்வளவு சாம்பாரோடு போனதோ! அறுபதையும் கழித்துவிட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். இன்றுவரை அந்த இரட்டைச் செலவு உறுத்துகிறது.

எவர்சில்வர் போலத் தெரியும் டப்பா

வெளியே பளபளப்பு, உள்ளே பிளாஸ்டிக் கிண்ணம். கடையிலேயே திறந்து, உட்புறத்தை நகத்தால் சுண்டிப் பாருங்கள்.

மூங்கில் டம்ளர்

அச்சில் வார்த்தது போல வழவழவென்று வண்ணத்தில் இருந்தால், அது பெரும்பாலும் மூங்கில் தூளை மெலமின் என்ற பிளாஸ்டிக் பிசினில் குழைத்துச் செய்தது.

காகிதக் கப்

உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஐஐடி கரக்பூரில் 100 மில்லி சூடான திரவத்தை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது சுமார் 25,000 துகள்கள்.

பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தோசைக்கல்

தூக்கிப் போடுங்கள்.

காய் நறுக்கப் பிளாஸ்டிக் பலகை

அரிவாள்மனை பரணில்தானே இருக்கிறது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

ஆவேசத்தில் கல்சட்டி வாங்கி, பழக்காமல் அன்றைக்கே அடுப்பில் ஏற்றிப் பிளக்க வைத்தவள் நான். எண்ணெயும் மஞ்சளும் தடவி, சூடான வடிகஞ்சி ஊற்றிப் பல நாள் பழக்க வேண்டும். அவசரம் வேண்டாம். சூடும் எண்ணெயும் படுகிற பாத்திரங்களை முதலில் மாற்றினால் போதும்.

அந்தப் பெண்ணின் நாற்பது டப்பாவிலும் இப்போது துவரம்பருப்பும் வற்றலும் இருக்கின்றன. தூக்கு வாங்கக் கிளம்பியபோது நானும் கூடவே போனேன், சுண்டிப் பார்க்க.