விசைகளைக் கூட்டித் தொகுபயன் காண்பது எப்படி?

ஒரு பொருளை 50 நியூட்டன் விசையும் 30 நியூட்டன் விசையும் ஒன்றாக இழுத்தால் மொத்த விசை, அதாவது தொகுபயன், எவ்வளவு? சட்டென்று 80 என்று சொல்லத் தோன்றும். இரண்டும் ஒரே திசையில் இழுத்தால்தான் 80. நேரெதிராக இழுத்தால் 20. மற்ற எல்லாக் கோணத்துக்கும் விடை இவ்விரண்டுக்கும் நடுவில்தான். இந்த எல்லையை முதலிலேயே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நம் கணக்கில் 50 நியூட்டன் வலப்பக்கம் கிடையாக இழுக்கிறது; 30 நியூட்டன் அதற்கு 60° மேலே சாய்வாக இழுக்கிறது.

படி 1: ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புக்குறிகளும் கிளம்புமாறு படம் போடுங்கள். கோணத்தைக் குறியுங்கள்.

படி 2: சாய்ந்த விசையைக் கூறுகளாகப் பிரியுங்கள்.
கிடைக்கூறு = 30 × கொசைன் 60° = 15
செங்குத்துக்கூறு = 30 × சைன் 60° = 25.98

வலப்பக்கம் சாய்ந்த விசைக்குக் கிடைக்கூறு −28.57 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.

படி 3: கிடையைக் கிடையோடு கூட்டுங்கள்: 50 + 15 = 65. செங்குத்தில் 25.98 மட்டும்.

படி 4: இனி பிதாகரஸ். √(65² + 25.98²) = √(4225 + 675) = √4900 = 70 நியூட்டன்.

இரண்டே விசை என்றால் குறுக்குவழி உண்டு: √(50² + 30² + 2 × 50 × 30 × கொசைன் 60°). இதுவும் 70தான். பலரும் சறுக்குவது அந்தக் கூட்டல் குறியில். முக்கோணத்தின் கொசைன் விதியில் கழித்தல் குறிதானே என்று கேட்பார்கள். ஒரு அம்பின் முனையில் அடுத்த அம்பை வைத்து முக்கோணம் வரைந்தால், உள்ளே அமையும் கோணம் 60° அல்ல, 120°. அதன் கொசைன் எதிர்க்குறி. அதனால் கழித்தல் கூட்டலாகிறது. 60°யோடு கழித்தல் போட்டால் 43.6 வரும். அதுவும் 20க்கும் 80க்கும் நடுவில் இருப்பதால் ஓரத்தில் எழுதிய எல்லை இங்கே கைகொடுக்காது. வேறொரு சோதனை வேண்டும்: விசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக (90°) இருந்தால் தொகுபயன் √3400, அதாவது 58.3. இடைக்கோணம் 90°க்குக் குறைவென்றால் விடை அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது விசை வந்தால் குறுக்குவழியை விட்டுவிட்டுக் கூறுகளுக்கே திரும்புங்கள். இடப்பக்கம் 20 நியூட்டன் சேர்ந்தால் கிடை 65 − 20 = 45; செங்குத்து மாறாது. தொகுபயன் √(2025 + 675), ஏறக்குறைய 52 நியூட்டன்.