சென்னை வீட்டுக்கு எனர்ஜிபிளஸ் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனர்ஜிபிளஸ், ஒரு கட்டடம் எவ்வளவு சூடாகும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் இலவச மென்பொருள். சில விவரங்களை நாம் நிரப்பாமல் விட்டாலும் அது நின்றுவிடாது. தன்னிடம் இருக்கும் எண்ணைப் போட்டுக் கணக்கை முடித்துவிடும். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

தரைக்கு அடியில் உள்ள மண்ணின் வெப்பநிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் பன்னிரண்டு மாதமும் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளும். சென்னை மண் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது. தரைத்தள வீட்டை இப்படி ஓட்டினால் கத்திரி வெயிலிலும் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏசி செலவும் பொய்யாகக் குறையும். அறையின் சராசரி வெப்பநிலையிலிருந்து 2 டிகிரி குறைத்து மாதவாரியாக நிரப்புங்கள், தொடக்கத்துக்கு அது போதும்.

மேல்தள வீடென்றால் கவனம் முழுக்கக் கூரையில் இருக்கட்டும். வெறும் 150 மி.மீ. கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு (வெப்பம் எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) சுமார் 3.3 வரும். வீடுகளுக்கான இந்திய எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பான 2018-இன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா வீட்டுக் கூரைக்கு விதித்த உச்ச அளவு 1.2. 40 மி.மீ. எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை பதித்தால் 0.7-க்கு இறங்கிவிடும். இதைச் சரியாகக் கணக்கிடுகிறவர்களும் வெள்ளைப் பூச்சில் சறுக்குகிறார்கள். டப்பாவில் அச்சிட்ட பிரதிபலிப்பு புதுப் பூச்சுக்கானது. புழுதியும் பாசியும் படிந்த மாடிக்கு அது பொருந்தாது. வெயில் உறிஞ்சலை (விழும் வெயிலில் கூரை உறிஞ்சும் பங்கு) 0.2 என்று வைத்து ஒரு முறை, 0.4 என்று வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் பலன் தெரிந்தால் மட்டும் வீட்டுக்காரரைச் செலவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது, முடிவில் காற்றின் வெப்பநிலையை மட்டும் படிப்பது. மாலை ஏழு மணிக்கு அறைக்காற்று 31 டிகிரி என்று வையுங்கள். பகலெல்லாம் காய்ந்த கூரையின் அடிப்பக்கம் 40-இல் இருக்கிறது. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த கதிர்வீச்சுச் சராசரி 35. உடம்பு உணர்வது இரண்டுக்கும் நடுவே, 33. ஏசி இல்லாத கட்டடங்களில் எந்த வெப்பநிலை இதமாக இருக்கும் என்று சொல்லும் இந்திய ஐமேக் வாய்ப்பாட்டில் வெளிக்காற்றின் சராசரி வெப்பநிலையை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். வெளியே 30 என்றால் 29 வரும். 90 சதவீதம் பேர் ஏற்கும் மேல் வரம்பு அதற்கு மேல் 2.38, அதாவது 31.4. காற்றை மட்டும் பார்த்தால் இந்த அறை தேறிவிடும். உண்மையில் அங்கே உட்கார முடியாது. ஆகவே உடம்பு உணரும் அந்த நடு அளவை, அதாவது ஆப்பரேட்டிவ் வெப்பநிலையை, வெளியீட்டில் கேளுங்கள்.

ஜன்னலையும் அப்படியே நம்பக் கூடாது. நாலுக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னலில் திறப்பது எட்டு சதுர அடிதான். கொசுவலை போட்டால் அதிலும் குறையும். வானிலைக் கோப்பின் காற்று மீனம்பாக்கம் விமான நிலையத் திறந்தவெளியில் அளந்தது. நெருக்கமான தெருவில் இருக்கும் வீட்டுக்கு நிலப்பரப்பை ‘சிட்டி’ என்று மாற்றி, பக்கத்து வீட்டுச் சுவரையும் மாதிரியில் எழுப்புங்கள்.

கடைசியாக, மின்கட்டணத்தோடு ஒப்பிடுதல். மாதக் கணக்குக்கு ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டி 14 சராசரிச் சாய்வில் (மொத்தத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுவது) 5 சதவீதமும் சிதறலில் (மாதத்துக்கு மாதம் விலகுவது) 15 சதவீதமும் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு பகுதி யூனிட் இலவசம் என்பதால் ரூபாயை விட்டு யூனிட்டைப் பாருங்கள். ஒரு ரீடிங் தேதியிலிருந்து அடுத்த தேதி வரை நாள்வாரியாகக் கூட்டுங்கள். வழக்கமான வானிலைக் கோப்பு பல ஆண்டுகளின் மாதங்களைக் கோத்துச் செய்தது. போன வருஷ பில்லோடு ஒப்பிட, போன வருஷத்தின் வானிலையையே போட வேண்டும்.